கேஸ் ட்ரையர் சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை: கொயில் வாங்குமுன் பார்க்கவேண்டியவை

கேள்வி இதுதான். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீடு. கனடாவிலிருந்து ஊருக்குத் திரும்பிய உறவினரின் வீட்டுச் சாமான்களோடு உடுப்பு உலர்த்தும் கேஸ் ட்ரையர் ஒன்றும் வந்திருக்கிறது. 110 வோல்ட் ட்ரான்ஸ்போமர் ஒன்றைப் போட்டு, 12.5 கிலோ சமையல் கேஸ் சிலிண்டரைப் பூட்டி ஓட்டுகிறார்கள். உருளை சுற்றுகிறது, காற்று வருகிறது. முதல் ஐந்து பத்து நிமிடம் சூடு இருக்கிறது. பிறகு வெறும் குளிர்காற்றுத்தான். உடுப்பு ஈரமாகவே கிடக்கிறது. கீழ்த் துவாரத்தால் பார்த்தால் ஏதோ ஒன்று சிவந்து அணைகிறது, ஆனால் நெருப்புப் பிடிக்கவில்லை. பகலில் சில வேளை ஒழுங்காக வேலைசெய்கிறது, இரவில் மோசம். எந்தப் பாகத்தை மாற்றவேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், இந்த அறிகுறிக்கு முதல் சந்தேகம் கேஸ் வால்வின் மேலிருக்கும் கொயில்கள், அதாவது கரண்ட் வந்ததும் வால்வின் கதவைத் திறக்கும் கம்பிச்சுருள்கள். இணையத்தில் எந்தத் திருத்த வீடியோவைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்த வீடியோக்கள் எல்லாம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் கரண்டும், குழாய்வழியே வரும் இயற்கை எரிவாயுவும் உள்ள வீடுகளுக்காக எடுக்கப்பட்டவை. கல்லடியில் இந்த மூன்றுமே இல்லை. அதனால் கொயிலுக்குக் காசு கொடுக்குமுன் ட்ரான்ஸ்போமரின் வோல்ட்டையும், இந்த மெசின் சிலிண்டர் கேஸுக்கு மாற்றப்பட்டதா என்பதையும் பார்த்தாகவேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியும்வரை ட்ரையரை ஓட்டவேண்டாம்.

முதலில் இது எப்படிப் பற்றுகிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் இலகு. இந்த வகையில் எந்நேரமும் எரியும் பைலட் சுடர் கிடையாது. மோட்டர் வேகத்துக்கு வந்ததும் அதோடு சேர்ந்திருக்கும் சென்ட்றிபியூகல் சுவிச் மூடிக்கொண்டு, சூட்டுப் பக்கத்துக்குக் கரண்டை விடும். அது தேர்மோஸ்டாற்றுகளையும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிச்சுகள்) தேர்மல் பியூஸையும் (சூடு மீறினால் அறுவது) கடந்து பேர்னருக்கு வரும். அங்கே கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சிவந்து, பிறகு வெண்மஞ்சளாகப் பிரகாசிக்கும். அதே நேரத்தில் கேஸ் வால்வின் முதல் கதவு திறக்கும். இரண்டாம் கதவு இன்னும் மூடியே இருப்பதால் கேஸ் வராது. பேர்னரின் பக்கத்தில் பூட்டியிருக்கும் சிறிய சுடர் சென்சர், இக்னைட்டரின் வெப்பம் பட்டுத் தன் தொடுகையைத் திறக்கும். அது திறந்ததும் கரண்ட் இரண்டாம் கதவின் கொயில் வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் கொயிலின் தடை பெரிது. ஆகவே இக்னைட்டருக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் அது மங்கும், அதே கணத்தில் இரண்டாம் கதவு திறந்து கேஸ் பாயும். மங்கும் இக்னைட்டரின் மிச்சச் சூட்டிலேயே கேஸ் பற்றிக்கொள்ளும். பிறகு சுடரின் வெப்பமே சென்சரைத் திறந்தபடி வைத்திருக்கும். சுடர் பிடிக்காவிட்டால் சென்சர் ஆறி மூடும், இரண்டாம் கதவும் மூடும், இக்னைட்டர் மறுபடி சிவக்கத் தொடங்கும்.

இதை வைத்துப் பார்த்தால், நீங்கள் கண்ட "சிவந்து அணைதல்" பல பாகங்களுக்கு ஒரே நேரத்தில் நற்சான்று கொடுக்கிறது. சிவந்தது என்றால் மோட்டர் சுவிச், தேர்மோஸ்டாற்றுகள், தேர்மல் பியூஸ், இக்னைட்டர் எல்லாவற்றிலும் கரண்ட் போகிறது. அணைந்தது என்றால் சென்சர் திறக்கிறது. மிஞ்சுவது வால்வு, அதன் கொயில்கள், பிறகு கேஸ். இக்னைட்டரையும் சென்சரையும் கழற்றி அளந்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அடுத்து, மெசின் சிலிண்டர் கேஸுக்கு மாற்றியது என்று உறுதியான பிறகு (பார்க்கும் வழி கீழே), காதைக் கொடுங்கள். உருளைக்குள் உடுப்பு இல்லாமல் ஓடவிட்டு, இக்னைட்டர் மங்கும் அந்த நொடியில் கீழிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் இரண்டாம் கதவு திறக்கவில்லை: கொயில், அல்லது கொயிலுக்குப் போதிய வோல்ட் இல்லை. சத்தம் வருகிறது, நெருப்பு மட்டும் இல்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை: சிலிண்டர் முடிந்திருக்கும், கேஸ் டப் பாதி மூடியிருக்கும், ஹோஸ் மடிந்திருக்கும், அல்லது ஜெட் (பேர்னருக்குக் கேஸை விடும் சிறு முனை) துவாரத்தில் துரு, பூச்சி, சிலந்திக்கூடு. முதல் கதவின் கொயில் பழுதானாலும் இதே தோற்றம் வரலாம். டக் கேட்கும், கேஸ் வராது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பார்க்க அதே சிலிண்டரை அடுப்புக்குப் பூட்டி எரித்துப் பார்த்தால் போதும்.

இனி வோல்ட். பகலில் வேலைசெய்து இரவில் மறுக்கிறது என்ற உங்கள் வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 230-ஐ 110 ஆக்கும் ட்ரான்ஸ்போமர், உள்ளே வருவது குறைந்தால் வெளியே விடுவதையும் அதே விகிதத்தில் குறைக்கும். மாலை ஆறரைக்குப் பிறகு ஊரெல்லாம் விளக்கும் ஏசியும் போட, உங்கள் வயரில் 200 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். ட்ரையருக்குக் கிடைப்பது 96 வோல்ட்டுக்குக் கிட்ட. 120-க்குச் செய்த கொயில் அந்த வோல்ட்டில் தன் ஆணியை இழுக்கத் திணறும். அதுவும் அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறிய கொயிலென்றால் சொல்லவே வேண்டாம். செம்புக் கம்பி சூடாகச் சூடாக அதன் தடை ஏறி, இழுக்கும் பலம் இன்னும் குறையும். "முதல் தரம் பற்றுகிறது, பிறகு பற்றவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு முழுமையான விளக்கம். புதுக் கொயில் போட்டாலும் சில மாதத்தில் இதே கதை திரும்பும்.

ஆகவே ஒரு மல்ரிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ட்ரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரான்ஸ்போமரின் வெளிப்பக்கத்தில் அளவெடுங்கள். பகலில் ஒரு தரம், இரவு எட்டு மணிக்கு ஒரு தரம். வெறுமனே எடுத்த அளவு உதவாது. இக்னைட்டர் சிவந்திருக்கும்போது எத்தனை காட்டுகிறது என்பதே கணக்கு. 108-க்கு மேல் நிற்கிறது என்றால் வோல்ட்டைக் குறைசொல்ல முடியாது, கொயிலைப் பிடியுங்கள். 100-க்குக் கீழே போனால் முதலில் கரண்டைச் சரிசெய்யுங்கள்: நீள எக்ஸ்டென்சன் வயரை எடுத்துவிட்டு சுவர் பிளக்கில் நேரே கொடுங்கள், ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவைப் பாருங்கள். ஓட்டத்தில் இந்த ட்ரையர் ஐந்தாறு அம்பியர்தான் எடுக்கும் என்றாலும், மோட்டர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். 2000 விஏ-க்குக் (வோல்ட் பெருக்கல் அம்பியர்) குறைந்த ட்ரான்ஸ்போமர் வேண்டாம். பயணப் பையில் கொண்டுபோகும் சிறிய இலெக்ட்ரோனிக் கொன்வேர்ட்டரைக் கனவிலும் கொடுக்கவேண்டாம். மோட்டரும் போகும், கொன்ட்ரோல் போர்ட்டும் போகும்.

ட்ரான்ஸ்போமரில் இன்னொரு விடயம்: பலவற்றின் வெளிப்பக்கத்தில் இரண்டு துளைதான் இருக்கும், எர்த் இல்லை. ட்ரையரின் பிளக்கில் உள்ள மூன்றாம் முள்ளைச் சிலர் முறித்துவிட்டுச் சொருகுகிறார்கள். ஈரத் தரையில், ஈர உடுப்போடு தொடும் இரும்புப் பெட்டி இது. எர்த் வயர் சுவர் பிளக்கின் எர்த் வரைக்கும் தொடர்ச்சியாகப் போகவேண்டும்.

வோல்ட்டை மாற்றலாம், ஹேர்ட்ஸை இந்த ட்ரான்ஸ்போமர் மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டர் நம் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடவேண்டியது 1440-க்குக் கிட்ட நிற்கும். கடிகாரம் போல் திருகும் டைமர் உள்ள மாடலென்றால் அதன் 60 நிமிடம் உண்மையில் 72 நிமிடம். இதெல்லாம் பெரிய குறையில்லை. குறை காற்றில்தான். காற்றாடி மோட்டர் அச்சிலேயே நேராகப் பூட்டியிருப்பதால் காற்றின் அளவும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, அதைத் தள்ளும் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெல்ட் கப்பியை மாற்றினால் உருளைதான் வேகமாகும், காற்றாடி அல்ல. பேர்னரோ அதே அளவு கேஸைத்தான் எரிக்கிறது. அதே வெப்பம், குறைந்த காற்று. விளைவு, உள்ளே சூடு கூடுகிறது. கொயில், மோட்டர், தேர்மல் பியூஸ் எல்லாவற்றின் ஆயுளும் இங்கேதான் குறைகிறது. இதே காரணத்துக்காக 120-ஐவிட 110 வோல்ட் கொடுப்பது நல்லது; 60 ஹேர்ட்ஸ் மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸில் முழு 120-ஐக் கொடுத்தால் அதன் இரும்புக் கரு அளவுக்குமீறிச் சூடாகும். மோட்டருக்கு 100 வோல்ட் இன்னும் உகந்தது, ஆனால் இக்னைட்டரும் கொயிலும் சோரும். 110 இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம்.

அடுத்தது கேஸ், உயிருக்கு உலைவைக்கக்கூடிய பகுதி. கனடாவில் வீடுகளுக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. மீதேனுக்கு அமைத்த ட்ரையர் உள்ளே அழுத்தத்தை 3.5 அங்குல நீர்மட்டத்துக்கு (சுமார் 9 மில்லிபார்) இறக்கிப் பெரிய ஜெட்டால் விடும். எல்பிஜிக்கு அமைத்தது 11 அங்குல நீர்மட்டத்தில் (சுமார் 27 மில்லிபார்), அதைவிடச் சிறிய துவாரமுள்ள ஜெட்டால் விடும். மாற்றாத ட்ரையருக்கு எல்பிஜி கொடுத்தால், உள்ளிருக்கும் ரெகுலேட்டர் அழுத்தத்தை இறக்கினாலும், அதே துவாரத்தால் போகும் எல்பிஜியின் வெப்பம் மீதேனைவிட மிக அதிகம். எரிவதற்கு வேண்டிய காற்று போதாது. சுடர் நீண்டு, மஞ்சளாகிப் புகைக்கும். ட்ரையர் வெளியே விடும் காற்றில் காபன் மொனொக்சைட் ஏறும். வெள்ளை உடுப்பில் கரிப்படலம் படியும். நூல்தூசி பிடித்த இடத்தில் நெருப்பும் பிடிக்கலாம்.

உங்கள் மெசின் எது என்று அறிய வழி இருக்கிறது. கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும் விபரத் தகட்டில் எந்தக் கேஸ் என்று எழுதியிருக்கும். அங்கே இயற்கை எரிவாயு என்றிருந்து, எல்பிஜிக்கு மாற்றியதாக வேறு ஸ்டிக்கர் எதுவும் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். சுடர் ஒரு கணமாவது பிடிக்கும்போது நிறத்தையும் பாருங்கள்: நீலமாக, அடியில் இறுக்கமாக நின்றால் நல்லது; நுனியில் சற்றே மஞ்சள் தட்டுவது நம் சிலிண்டரில் பியூட்டேன் பங்கு அதிகம் என்பதால். உருளைப் பக்கம் வரை நீளும் மஞ்சள் நாக்கென்றால் உடனே நிறுத்துங்கள்.

மாற்றுவதற்கு அந்தந்தக் கம்பனியே ஒரு தொகுதி விற்கிறது. வேர்ல்பூல் குடும்பத்துப் பழைய மாடல்கள் பலவற்றுக்கு அதன் எண் 49572ஏ. அதற்குள் சின்னத் துவார ஜெட், வால்வின் உள் ரெகுலேட்டரைச் செயலிழக்கவைக்கும் ஒரு அடைப்பு முளை, ஒட்டவேண்டிய ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். ஜெட்டை மட்டும் மாற்றி முளையை விட்டால் சுடர் குறுகிச் சூடு போதாது. முளையை மட்டும் போட்டு ஜெட்டை விட்டால் அது இன்னும் ஆபத்து. பழைய ஜெட்டை ஈயத்தால் அடைத்துச் சின்னத் துவாரம் போட்டுத் தரும் பட்டறைகள் உண்டு. போகவேண்டாம். துவாரத்தில் 0.1 மில்லிமீற்றர் வித்தியாசம்கூட வெப்பத்தைக் கண்டபடி மாற்றும், ஈயமும் சூட்டில் நிற்காது. இந்த வேலை கேஸ் பாதையைத் திறக்கும் வேலை. ஹோட்டல் கேஸ் லைன் பூட்டிப் பழகிய, அழுத்தமானி வைத்திருக்கும் ஒருவரைக்கொண்டே செய்யுங்கள்.

சிலிண்டர்த் தலையில் பூட்டும் ரெகுலேட்டரின் மேல் உள்ள அச்சைப் படியுங்கள். வீட்டு அடுப்புக்கான 28 - 30 மில்லிபார் ரெகுலேட்டர் எல்பிஜிக்கு மாற்றிய ட்ரையருக்குப் பொருந்தும். கொத்துரொட்டிக் கடைகளில் பெரிய அடுப்புக்குப் பூட்டும், திருகிக் கூட்டக்கூடிய உயரழுத்த ரெகுலேட்டர் இதற்கு ஆகவே ஆகாது. அரை பிஎஸ்ஐ, அதாவது 34 மில்லிபாரைத் தாண்டினாலே இந்த வால்வுகளின் பொறுதி எல்லைக்கு வந்துவிடும். அடுப்பையும் ட்ரையரையும் ஒரே ரெகுலேட்டரில் ரீ (T) இணைப்புப் போட்டுப் பூட்டியிருந்தால் சமைக்கும் நேரம் சுடர் சுருங்கும். தனிச் சிலிண்டர் நல்லது. பேர்னர் மணித்தியாலத்துக்கு 20,000 - 22,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு என்றால் அரைக் கிலோவுக்குக் கிட்ட கேஸ் போகும், 12.5 கிலோ சிலிண்டரில் தொடர்ந்து எரித்தால் 25 மணித்தியாலம்.

இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரையரின் பின்னால் வரும் வாய் 3/8 அங்குல அமெரிக்கக் கூம்புப் புரி, அங்குலத்துக்கு 18 புரி. நம் ஹார்ட்வெயாரில் கிடைக்கும் 3/8 பிரிட்டிஷ் புரி அங்குலத்துக்கு 19. ஓரிரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும், இறுகிவிட்டது என்று தோன்றும், ஆனால் கசியும். எத்தனை சுற்று டேப் போட்டாலும் அது நிற்காது. கனடாவிலிருந்து வரும் யாரையாவது இந்த இரண்டு புரியையும் இணைக்கும் அடப்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது சரியான புரியில் கடைந்து எடுங்கள். ஒவ்வொரு முறை பூட்டிய பிறகும் சவர்க்கார நுரை போட்டுப் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடப் பாரம். கசிந்தால் தரையோடு தங்கும், ட்ரையரின் இக்னைட்டரும் தரைமட்டத்திலேயே இருக்கிறது. கேஸ் மணம் வந்தால் சுவிச் எதையும் தொடாமல் சிலிண்டரில் கேஸை நிறுத்தி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு, அறையைக் காற்றாட விடுங்கள்.

வோல்ட் சரி, கேஸ் சரி, அப்பவும் டக் சத்தம் இல்லை என்றால் கொயிலை மாற்றுவோம். நல்ல செய்தி: கொயில் மாற்றுவதற்குக் கேஸ் பாதை எதையும் திறக்கத் தேவையில்லை. கொயில்கள் வால்வுக்கு வெளியே ஒரு தண்டின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும். கையால் வேலைசெய்யத் தெரிந்த எவரும் செய்யலாம்.

பிளக்கைக் கழற்றுங்கள், சிலிண்டரில் கேஸை நிறுத்துங்கள். நூல்தூசி வலை மேல்மூடியில் உள்ள மாடலில் கீழே ஒரு சிறு தகடு, மேல்விளிம்பில் இரண்டு கிளிப்பில் நிற்கும். தட்டையான ஸ்குறூ டிரைவரை நுழைத்து அமுக்கினால் வரும். வலை கதவின் வாயில் உள்ள மாடலில் முழு முன்தகட்டையும் கழற்றவேண்டும். ஸ்குறூக்கள் பெரும்பாலும் கால் அங்குல அறுகோணத் தலை. 6 மில்லிமீற்றர் சொக்கட் ஏறாது, 7 வழுக்கித் தலையை உருட்டிவிடும். கால் அங்குல சொக்கட் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். தகட்டின் விளிம்புகள் கத்திபோல் இருக்கும், கையுறை போடுங்கள்.

உள்ளே இடப்பக்கமோ வலப்பக்கமோ கேஸ் குழாய் வந்து சேரும் வால்வு தெரியும். அதன்மேல் இரண்டு கறுப்புக் கொயில்கள், ஒன்றுக்கு மூன்று முள், மற்றதற்கு இரண்டு. கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பிளக்குகளை வயரால் இழுக்காமல் உடலைப் பிடித்துக் கழற்றி ஓம் அளவெடுங்கள். வேர்ல்பூல் வகைக்கு மூன்று முள் கொயிலில் 1-க்கும் 2-க்கும் இடையே 1365 ஓம் (25 கூடலாம், குறையலாம்), 1-க்கும் 3-க்கும் இடையே 560 ஓம் (25), இரண்டு முள் கொயிலில் 1220 ஓம் (50). எங்கேயாவது எல்லையில்லாத் தடை காட்டினால் பழுது உறுதி. ஆனால் அளவு சரியாக இருந்தால் கொயில் நல்லது என்று அர்த்தமில்லை. இந்தக் கொயில்கள் சூடான பிறகுதான் உள்ளே விட்டுப்போகும். குளிர்ந்திருக்கும்போது அளந்து "எல்லாம் சரி" என்று மூடிவிடுவது பலர் விடும் பிழை. மெசின் மறுத்த பிறகு நிறுத்தி, தகட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றிய கையோடு அளந்தால் சில வேளை அகப்படும். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்பப் பற்றுகிறது, அளவெடுத்த வோல்ட்டும் சரி என்றால், அளவை நம்பாமல் அறிகுறியை நம்பி மாற்றுங்கள்.

வேர்ல்பூல் குடும்பத்துக்குக் கொயில் சோடியின் எண் 279834. இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயது. வேறு கம்பனி என்றால் விபரத் தகட்டில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் தேடி அலையவேண்டாம், இந்த வகை இங்கே விலைப்படுவதில்லை. கனடாவிலிருந்து வருபவர் கைப்பையில் கொண்டுவரலாம், உள்ளங்கையில் அடங்கும். வாங்குவதென்றால் ஒரேயடியாக இக்னைட்டர் 279311, சுடர் சென்சர் 338906, தேர்மல் பியூஸ் 3392519, பெல்ட் 341241 இவற்றையும் சொல்லிவிடுவது புத்தி, உங்கள் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு. இங்குள்ள தண்ணீர் வால்வின் 230 வோல்ட் கொயிலைக் கொண்டுவந்து பொருத்த முயலும் மெக்கானிக்கிடம் மெசினை விடவேண்டாம்.

கொயில்களைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டியின் இரண்டு ஸ்குறூவைக் கழற்றினால் பட்டி வரும், கொயில்கள் மேலே உருவும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தண்டில் துரு பிடித்துக் கொயில் ஒட்டிக்கொண்டிருக்கும். குறடால் நெம்பினால் தண்டு வளையும், வளைந்தால் வால்வையே மாற்றவேண்டும். இடமும் வலமும் மெதுவாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். தண்டைத் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம், எண்ணெய் போடவேண்டாம். புதியவற்றை அதே இடத்தில் இறக்கி, பட்டியைப் பூட்டி, பிளக்குகளைச் சொருகுங்கள். முள் எண்ணிக்கை வேறு என்பதால் இடம் மாறாது. பிளக்கின் உள்ளே பச்சை படிந்திருந்தால் கொன்ட்டாக்ட் கிளீனர் அடித்து இரண்டு மூன்று தரம் சொருகி எடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் இந்தப் பச்சை தனியே ஒரு நோய்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னர் தேவைப்படலாம். இக்னைட்டர் சிவக்கவே இல்லையென்றால் ஒவ்வொன்றாக ஓம் பாருங்கள்: இக்னைட்டர் 50 முதல் 400 ஓம், மற்ற எல்லாம் (சென்சர், தேர்மோஸ்டாற், தேர்மல் பியூஸ்) குளிரில் பூச்சியத்துக்குக் கிட்ட. இக்னைட்டரின் சாம்பல்நிறப் பகுதியை விரலால் தொடவேண்டாம். உடையும், கையெண்ணெய் பட்ட இடம் சீக்கிரம் போகும். சிவந்து அணையாமலே நிற்கிறது என்றால் சென்சர் ஒட்டிக்கொண்டது, அல்லது வோல்ட் குறைந்து இக்னைட்டர் மங்கலாகவே எரிகிறது; நிறம் செம்மஞ்சளில் நின்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். நெருப்புப் பிடித்து ஒரு நிமிடத்தில் அணைந்து, திரும்பத் திரும்ப அப்படியே செய்தால் காற்றுப் பாதை அடைப்பு. சாதாரணத் தேர்மோஸ்டாற் 68 பாகை செல்சியஸுக்குக் கிட்டத் திறக்கும், பாதுகாப்புத் தேர்மோஸ்டாற் 96-க்குக் கிட்ட. மேலே சொன்ன தேர்மல் பியூஸ் 91 பாகையில் ஒரேயடியாக அறும், திரும்ப ஒட்டாது. அதைப் பிரித்து வயரை நேரே முறுக்கி ஓட்டுபவர்கள் தீயை வீட்டுக்குள் அழைக்கிறார்கள். அது அறுந்ததென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ பெரும்பாலும் வெளிக்காற்றுக் குழாய்தான். இதைச் சரிசெய்யாமல் புதுக் கொயில் போடுவதில் பயனில்லை. குழாய் 4 அங்குலம், மழமழப்பான அலுமினியமோ தகரமோ. நெளிநெளியான பிளாஸ்ரிக் குழாய் கூடாது, தண்ணீர் பிவிசியும் கூடாது. கையேடுகள் 60 ஹேர்ட்ஸ் காற்றாடிக்கு நீண்ட குழாயை அனுமதிக்கும். நம் 50 ஹேர்ட்ஸுக்கு 3 மீற்றருக்குள், ஒரே ஒரு முழங்கை வளைவோடு சுவரைத் தாண்டிவிடுங்கள். எலியும் பல்லியும் நுழையும் என்று முனையில் நுளம்பு வலை கட்டுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். இரண்டு மூன்று கழுவலில் அந்த வலை நூல்தூசியால் கம்பளியாகிவிடும். வலைக்குப் பதில் காற்று வந்தால் மட்டும் திறக்கும் மூடி போடுங்கள். வாடைக்காற்று மழையை நேரே அடிக்கும் சுவரில் வைக்கவேண்டாம், கார்த்திகை மார்கழியில் மூடி திறக்கத் திணறும். குழாயை அறைக்குள் விட்டுவிட்டு "சூடான காற்றுத்தானே" என்று இருக்கவேண்டாம். அதில் எரிந்த கேஸின் புகையும் சேர்ந்தே வருகிறது. ட்ரையர் ஓடும்போது அறையின் யன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும்.

நூல்தூசி வலையை ஒவ்வொரு தரமும் துடைப்பீர்கள். அதன்மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகாமல் தேங்கினால் உடுப்பு மென்மையாக்கும் திரவம் கண்ணுக்குத் தெரியாத படலமாக அடைத்திருக்கிறது. சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும். எண்ணெய் முழுக்குத் துவாய், நல்லெண்ணெய் பிடித்த தலையணை உறை இவற்றை ட்ரையருக்குள் போடவேண்டாம். கழுவினாலும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. சூடாகக் குவித்துவைத்த குவியல் தானாகவே பற்றக்கூடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இவற்றுக்குக் கொடியே போதும், உண்மையில் மற்ற உடுப்புக்கும் போதும்.

பூட்டிய பிறகு வெறும் உருளையோடு ஓட்டுங்கள். ஒரு தரம் பற்றினால் திருப்திப்படவேண்டாம். தேர்மோஸ்டாற் சுடரை அணைத்துத் திரும்பக் கேட்கும்போது பற்றுகிறதா, அதற்கடுத்த தரமும் பற்றுகிறதா என்று பாருங்கள். பழைய கொயில் தோற்றது அந்த இரண்டாம் மூன்றாம் தரத்தில்தானே. பிறகு நனைத்துப் பிழிந்த துவாய் நான்கைந்து போட்டு, இரவு எட்டு மணிக்கு, ஊரே விளக்குப் போட்டிருக்கும் நேரத்தில் ஒரு முழுச் சுற்று. அதிலும் பற்றினால் கீழ்த்தகட்டைப் பூட்டலாம்.